சர்க்கரைப் புண்ணுக்கு மாதுளைத்தோல் சாறு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

போன மாதம் பொருட்காட்சி ஸ்டால் ஒன்றில் 480 ரூபாயைத் தொலைத்தேன். பணம் போனால் போகட்டும், அம்மாவின் கால்விரலே போகப் பார்த்தது.

அம்மாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. செருப்பு வார் கடித்த கொப்புளம் உடைந்து கட்டைவிரலில் புண். "மாதுளைத்தோல், கொய்யா இலைச் சாறுங்க, ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம்" என்று 30 மில்லி பாட்டிலை நீட்டினார் கடைக்காரர். வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் நகர்ந்திருப்பேன். லேமினேட் செய்த ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி வெளிறிப் படர்ந்திருக்க, சாறு விட்ட குழிகளைச் சுற்றி மட்டும் கிருமி வளராத தெளிவான வட்டங்கள். அங்கேதான் விழுந்தேன்.

ஐந்து நாள் காலை மாலை தடவினோம். புண் காய்ந்து கருகருவென்று பொருக்குக் கட்டியது. ஆறிவிட்டதென்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆறாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பொருக்கை எடுத்தால் உள்ளே சீழ். மாதுளைத்தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், துணிக்குச் சாயமேற்றவே அதைப் பயன்படுத்துவார்கள். அந்தக் கறை புண்ணைச் சுற்றியிருந்த சிவப்பை மறைத்துவிட்டது. சர்க்கரையால் கால் மரத்திருந்ததில் வலியும் தெரியவில்லை. "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும்மா" என்றார் டாக்டர்.

மைக்ரோபயாலஜி படிக்கும் அக்கா மகளிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். "சித்தி, இதுல கன்ட்ரோல் எங்க?" என்றாள். சாற்றை ஆல்கஹாலில் இறக்கியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் ஆல்கஹால் விட்ட குழியும் பக்கத்தில் இருக்கணுமாம். இல்லாவிட்டால் கிருமியைக் கொன்றது எதுவென்று எப்படித் தெரியும்? "எலுமிச்சைச் சாறு விட்டாலும் வட்டம் வரும் சித்தி. மாதுளைத்தோலுக்குத் தட்டுல கிருமியைத் தடுக்குற சக்தி நெஜமாவே இருக்கு. ஆனா தட்டுல சீழும் இல்ல, சர்க்கரையும் இல்ல."

அவள் சொன்ன இன்னொன்று. கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு பெரிய கிருமிக்கொல்லி என்று வெளிநாடுகளில் விற்றார்கள். 1999இல் ஜெர்மனியில் கடையில் கிடைத்த 6 சாறுகளைச் சோதித்தார்கள். கிருமியைத் தடுத்தவை 5. அந்த ஐந்திலும் பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி! அது கலக்காத ஆறாவது ஒன்றும் செய்யவில்லை.

பிறகுதான் லேபிளைப் படித்தேன். 14 இலக்க எண் ஒன்று இருந்தது. அது உணவுப் பொருளுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம். சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் தனியாக மருந்து உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஒன்றுமில்லை. ஊறுகாய் மாதிரி உணவுக்கு வாங்கும் எண்ணை வைத்துப் புண்ணுக்கு மருந்து.

கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "சுகரைக் குறைக்காம எங்களைக் குறை சொல்லாதீங்க மேடம்" என்று பதில். அடுத்த நிமிஷம் பிளாக்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்தேன். பில் இருக்கிறதா என்றார்கள். இருப்பது ஜிபே ரசீதுதான். அதில் பணம் போயிருப்பது ஏதோ ஒரு ஜூஸ் கடைப் பெயருக்கு.