பழைய பிரெஞ்சு ஹார்ன்கள்: நம் ஊர் ஈரத்தில் எது தாக்குப்பிடிக்கும்?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பழைய டபுள் ஹார்ன் (இரண்டு குழாய்த் தொகுதிகளைக் கட்டைவிரல் வால்வால் மாற்றி மாற்றி வாசிக்கும் பிரெஞ்சு ஹார்ன்) ஒன்று விலைக்கு வந்தால், பெல்லில், அதாவது விரிந்த வாயில், பொறித்திருக்கும் பெயரைப் பார்ப்பதற்கு முன், மவுத்பீஸ் செருகும் முதல் குழாயான லீட்பைப்பையும் வால்வுகளையும் பாருங்கள். நீண்ட நாள் புழங்கிய பிறகு உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். இந்த இரண்டும் கெட்டிருந்தால் எந்தப் பெயரும் காப்பாற்றாது.

வடிவமைப்பில் முக்கியமான வழிகள் இரண்டு. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரத்துக் குருஸ்பே 1897-ல் டபுள் ஹார்னைக் கொண்டுவந்தார். அந்த வழிக் கருவிகளில் கட்டைவிரல் வால்வு முதல் வால்வை ஒட்டியே இருக்கும்; பெல்லின் தொண்டை அகலமாக இருக்கும். சிகாகோவில் கார்ல் கையர் வகுத்த அமைப்பில் அந்த வால்வு மூன்றாவது வால்வைத் தாண்டிப் போய்விடும், நான்கும் ஒரே வரிசை. குழாய் வளைவுகளும் விரிந்தவை.

அமெரிக்க கான் நிறுவனத்தின் 8டி மாடல் குருஸ்பே வழி. நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) உடம்பு, அகலமான, கனத்த நாதம். கானின் எல்க்கார்ட் தொழிற்சாலையில் செய்த பழையவற்றைத்தான் பலரும் தேடுகிறார்கள். அந்த மதிப்பு நியாயமானதே. ஆனால் உச்ச சுரங்களில் உதடு கொஞ்சம் தளர்ந்தாலும் பக்கத்துச் சுரத்துக்கு வழுக்கிவிடும். தொண்டை அகலம் என்பதால் வலது கையைக் கூடுதலாக மூடிப் பிடிக்க வேண்டும். சிறிய கை உள்ள மாணவருக்கு இது பெரிய தொல்லை. சிகாகோ சிம்பொனியில் ஹார்ன் வாசித்த பிலிப் ஃபார்கஸ் ஹோல்ட்டன் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய எச்179 மாடலும் நிக்கல் சில்வர்தான். அதன் பித்தளை வடிவம் எச்178. யமாஹாவில் 667 கையர் வழி, 668 குருஸ்பே வழி. தொடக்கம் சுத்தமாக விழ வேண்டும், சுரம் இருந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு 667-ஐத்தான் பரிந்துரைப்போம்.

மைன்ஸ் நகரத்து அலெக்சாண்டர் 103 தனி இனம், 1909-லிருந்து வருகிறது. நாதத்தில் ஒரு பளபளப்பு உண்டு, பலமாக ஊதினாலும் உடையாது. வாங்கும்போது மவுத்பீஸைக் கவனியுங்கள். இதற்கு ஐரோப்பிய ஷாங்க் (மவுத்பீஸின் செருகும் முனை) வேண்டும். அமெரிக்க ஷாங்கைச் செருகினால் சரியாகக் கவ்வாமல் ஆட்டம் கொடுக்கும். அதனால் வரும் சுருதிக் கோளாறைக் கருவியின் குறை என்று எண்ணிவிடுவார்கள்.

இனி உலோகம். மஞ்சள் பித்தளையில் ஏறத்தாழ 30 விழுக்காடு துத்தநாகம். உள்ளே எச்சிலும் ஈரமும் தங்கித் தங்கித் துத்தநாகம் கரைந்து போக, பஞ்சு போன்ற செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே ரோஜா நிறத்தில் வட்டப் புள்ளி, அதன் நடுவில் கருப்பாக ஒரு குத்து தெரிந்தால் அரிப்பு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். பச்சைக் களிம்பு வேறு, இது வேறு. களிம்பைத் துடைத்துவிடலாம், இதைத் துடைக்க முடியாது, லீட்பைப்பையே மாற்ற வேண்டும். கடற்கரையை ஒட்டிய பினாங்கில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். துத்தநாகம் 15 விழுக்காட்டுக்குள் இருக்கும் செம்பித்தளை லீட்பைப் இதைவிட நன்றாகத் தாங்கும். நிக்கல் சில்வரும் அப்படியே. வாசித்து முடித்ததும் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்பு நீரும், குழாய்க்குள் வளைந்து போகும் பாம்புப் பிரஷும் போதும். கொதிநீர் வேண்டாம், லாக்கர் மேற்பூச்சு உரிந்துவிடும். ஈரக் கருவியைப் பெட்டியில் போட்டு உடனே மூடாதீர்கள்.

வால்வுச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். ஒரு வால்வின் லிவரை அழுத்தாமல், அந்த வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழாயை) வெளியே எடுங்கள். சில நொடி பொறுத்து லிவரை அழுத்துங்கள். 'பட்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் ரோட்டர் (வால்வுக்குள் சுழலும் உருளை) தேய்ந்திருக்கலாம், ஸ்லைடே தளர்ந்தும் இருக்கலாம். ஸ்லைடில் கொஞ்சம் கெட்டியான கிரீஸ் தடவி மறுபடி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அடுத்து, வால்வின் மேல்மூடியைக் கழற்றுங்கள். ரோட்டர் அச்சில் உள்ள கோடும் தட்டில் உள்ள கோடும் லிவரை அழுத்தினாலும் விட்டாலும் நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரோட்டரைத் தடுத்து நிறுத்தும் கார்க் சுருங்கிவிட்டது. அது மலிவான வேலை. ரோட்டரில் மேலும் கீழும் ஆட்டம் இருந்து 'கடகட' என்றால் அது ரோட்டர் அச்சைத் தாங்கும் பேரிங்கின் தேய்மானம். கெட்டியான பேரிங் எண்ணெய் கொஞ்ச நாள் சத்தத்தை அடக்கும், அவ்வளவுதான். முலாம் பூசித் தேய்த்துப் பொருத்தும் வேலைக்கான செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

சுருதியில் இங்கே ஒரு கூடுதல் சிக்கல். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும். மூச்சுச் சூடு உள்ளே இருப்பதால் ஹார்னில் இந்த மாற்றம் சற்றுக் குறைவு. ஆனாலும் பள்ளித் திடலில் 32 டிகிரியில் சரிபார்த்த ஸ்லைடு, குளிர்சாதன அரங்கில் எடுபடாது. சுருதி சேர்க்கும் மெயின் ஸ்லைடு இன்னும் வெளியே வர இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் குழாயை வெட்டிக் குறைத்திருந்தால் வெயிலில் வாசிக்கவே முடியாது.

லிவரையும் ரோட்டரையும் இணைக்கும் நூல் அறுந்தால் பினாங்கில் கவலையில்லை, தூண்டில் சாமான் கடையிலேயே பின்னல் நூல் கிடைக்கும். ஒரு லிவருக்கு 20 செ.மீ. வெட்டினால் கட்ட வசதி. ஒற்றை இழை நைலான் வேண்டாம், வழுக்கும். திருகுகளை இறுக்கும் முன் மூன்று லிவர்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஓர் அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.