ஏற்காட்டில் இரண்டு நாள் குண்டலினி யோகப் பயிற்சி

கடந்த மாதம் ஏற்காடு ஏரிக்கு அருகில் ஒரு விடுதியில் நடந்த குண்டலினி யோகப் பயிற்சியில் கலந்துகொண்டேன். விடியற்காலைக் குளிரில் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்த எங்களுக்கு, ‘ஓங் நமோ குரு தேவ் நமோ’ என்று தொடங்கி, மூக்கால் வேகமாக மூச்சு விடும் பயிற்சியை ஆசிரியை மிகுந்த பொறுமையோடு கற்றுக்கொடுத்தார். முதுகு வலி உள்ளவர்களுக்கு நாற்காலி போட்டுவைத்திருந்ததை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். ஏலம், பட்டை, கிராம்பு, மிளகு, இஞ்சி சேர்த்த தேநீர் அருமை.

மாலைச் சொற்பொழிவுதான் எனக்குக் குறையாகப் பட்டது. 1929-இல் இன்றைய பாகிஸ்தானில் பிறந்து, பிரிவினையின்போது இடம்பெயர்ந்து, டெல்லியில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றி, 1968-இல் கனடாவுக்கும் அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சென்று இந்த யோக முறையைப் பரப்பிய சீக்கியரான யோகி பஜனின் வாழ்க்கையை ஒரு மணி நேரம் பக்தியோடு விவரித்தார்கள். ஆனால், 2004-இல் அவர் மறைந்த பின், அவர் வழிவந்த அமைப்பினரே ஏற்பாடு செய்த விசாரணை, அவர் மீதான பாலியல் அத்துமீறல் புகார்களில் பல உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று 2020-இல் முடிவுக்கு வந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம்பி வந்து அமர்பவர்களிடம், பெண்களிடம் குறிப்பாக, இதை மறைக்கக் கூடாது. தனியே கேட்டபோது ஆசிரியை மறுக்கவில்லை. அடுத்த முகாமில் சொல்வதாகக் கூறினார்.