அப்பாவுக்கு எந்த முட்டை? காடையா, நாட்டுக்கோழியா, வெள்ளை முட்டையா

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு, தினம் ஒரு முட்டை சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த முட்டை என்று நாங்கள் கேட்கவில்லை. பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு யோசனை. பக்கத்து வீட்டு அத்தை, "ஆயிரம் கோழிக்கு அரை காடை, அவருக்குக் காடை முட்டையே கொடும்மா, சின்னதுதானே, கொழுப்பும் கம்மி" என்றார். சித்தப்பா சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் தேடி நாட்டுக்கோழி முட்டை வாங்கி வந்தார். நான் நாலைந்து மாதம் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துவிட்டு, நாமக்கல்லிலிருந்து லாரியில் வரும் சாதாரண வெள்ளை முட்டைக்கே திரும்பிவிட்டேன்.

எந்தப் பறவையின் முட்டையிலும் கொழுப்பு மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிறைகொழுப்பு (saturated fat, நெய்யில் அதிகம் இருக்கும் வகை). அதிகமாக இருப்பது ஒலியிக் அமிலம், கடலை எண்ணெயில் உள்ள அதே வகை. புரதக் கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது எடைக் கணக்கு. ஓடு நீக்கிய காடை முட்டை ஒன்று சுமார் 9 கிராம், அதில் கொலஸ்ட்ரால் சுமார் 76 மில்லிகிராம். ஓடு நீக்கிய கோழிமுட்டை ஒன்று சுமார் 50 கிராம், கொலஸ்ட்ரால் 186 மில்லிகிராம் அளவில். ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் அத்தை சொன்னது சரிதான். ஆனால் ஒரு காடை முட்டையோடு யார் நிறுத்துகிறார்கள்? அப்பா ஐந்து சாப்பிட்டால்தான் ஒரு கோழிமுட்டை சாப்பிட்ட நிறைவு வரும். அப்போது கொலஸ்ட்ரால் 380, அதாவது இரண்டு மடங்கு. வாத்து முட்டை ஒன்றிலேயே 600-ஐத் தாண்டுகிறது. அதை நான் ஒரே ஒரு முறைதான் வாங்கினேன், ருசி பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைகொழுப்புக்கே பங்கு அதிகம். அமெரிக்க உணவு வழிகாட்டுதலும் 2015-இல் நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. நிறைகொழுப்பில் ஐந்து காடை முட்டையும் ஒரு கோழிமுட்டையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 1.6 கிராம் வரும். நல்ல உடம்புக்காரர் காடை சாப்பிட்டால் நான் தடுக்க மாட்டேன். அப்பாவைப் போல இதய நோயும் சர்க்கரையும் உள்ளவருக்கு இரண்டு மடங்கு கொலஸ்ட்ராலைக் கொடுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நாட்டுக்கோழி முட்டை விஷயத்தில் நான் தடுமாறியது உண்மை. மஞ்சள் கரு நல்ல நிறம், ருசியும் கூடுதல் என்று அப்பா சொன்னார். நிறம் கோழி தின்னும் கீரை, மக்காச்சோளத்திலிருந்து வருவது. கொழுப்பின் அளவை அது காட்டாது. தீவனத்தை மாற்றினால் ஒமேகா-3 (மீனில் கிடைக்கும் நல்ல கொழுப்பு) போன்ற கொழுப்புகள் நன்றாகவே மாறும், நிறைகொழுப்பு பெரிதாக அசையாது. ஆளி விதை போட்டு வளர்த்த கோழியின் ஒமேகா-3 முட்டை அப்படி வருவதுதான். மீன் தொடாத வீட்டுக்கு அது நல்ல தேர்வு. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு உண்டு, அதனால் அந்தக் கூடுதல் காசை நான் கொடுக்கவில்லை. அப்புறம், பழுப்பு ஓடு என்றாலே நாட்டுக்கோழி என்று நம்பிவிடாதீர்கள். பண்ணைக் கோழியிலும் பழுப்பு முட்டையிடும் இனங்கள் உண்டு.

முட்டையைவிட நாங்கள் கவனிக்கத் தவறியது நெய். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 8 கிராம் நிறைகொழுப்பு, அதாவது ஐந்து கோழிமுட்டைக்குச் சமம். அப்பாவின் ஆம்லெட்டுக்கு அம்மா அதைத்தான் தாராளமாக விட்டுக்கொண்டிருந்தார். இப்போது காலையில் அவித்த முட்டை ஒன்று, மிளகும் உப்பும் தூவி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆம்லெட், அரை ஸ்பூன் கடலை எண்ணெயில்.