கேமரா உள்ள காரின் முன்கண்ணாடி உடைந்தால்: இராமநாதபுரத்தில் மாற்றுவதா, மதுரைக்குப் போவதா?

உச்சிப்புளிக்கு அருகே, முன்னால் ஜல்லி ஏற்றிச் சென்ற டிப்பர் லாரியிலிருந்து தெறித்த ஒரு சிறு கல் எங்கள் காரின் முன்கண்ணாடியில் பட்டது. மிளகு அளவே இருந்த அந்தப் புள்ளி, இரண்டு நாள் வெயிலில் கார் நின்ற பிறகு, ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் இடம் வரை கோடாக ஓடிவிட்டது. எங்கள் பழைய காரில் இது நடந்திருந்தால் இராமநாதபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் விட்டு, மாலைக்குள் எடுத்து வந்திருப்போம். புதிய காருக்கு அந்த முடிவை அவ்வளவு எளிதாக எடுக்க முடியவில்லை. உள்ளூர்க் கடை, வீட்டுக்கே வந்து மாட்டித் தரும் சேவை, மதுரையில் உள்ள நிறுவன சர்வீஸ் சென்டர் ஆகிய மூன்றையும் விசாரித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை, இந்தக் கடற்கரையில் கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. காற்றையும் மழையையும் தடுப்பதோடு, விபத்தின்போது கூரைக்குத் தாங்கலாகவும், பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது அதற்கு முட்டாகவும் அது நிற்கிறது. அந்த வேலைகளுடன் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2021 இல் எம்ஜி ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யுவி 700 ஆகியவை வந்ததிலிருந்து, ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பமான அடாஸ் நடுத்தர விலைக் கார்களுக்கும் இறங்கிவிட்டது. 2024 இல் வந்த புதிய ஹோண்டா அமேஸில்கூட அது கிடைக்கிறது. தடக் கோட்டைக் கவனிப்பது, முன்னால் ஆளோ வண்டியோ நின்றால் தானாக பிரேக் போடுவது ஆகியவற்றுக்கான கேமரா, கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிய ஒரு பிடிப்பானில் அமர்ந்து, அந்தக் கண்ணாடி வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறது. கண்ணாடியை மாற்றினால் கேமரா பார்க்கும் கோணமும் சற்றே மாறிவிடும்.

அந்தச் சிறு மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு இதன் தீவிரம் உறைத்தது. கேமரா பக்கவாட்டில் ஒரே ஒரு பாகை விலகினால், 50 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர், காரின் அகலம் சுமார் 1.8 மீட்டர். நடுவில் ஓடும் காருக்கு இருபுறமும் மிஞ்சுவது தலா 85 சென்டிமீட்டர்தான். ஆகவே கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு பாகைப் பிழை, காருக்கு இருக்கும் இடைவெளி முழுவதையும் விழுங்கிவிடுகிறது. பாம்பன் சாலைப் பாலத்தில், தடையை மீறி வண்டியை நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் நம் தடத்தில் நிற்கிறார்களா, ஓரத்தில் நிற்கிறார்களா என்பதை அந்தக் கேமராதான் சொல்ல வேண்டும். இந்தக் கோணத்தை மீண்டும் சரிப்படுத்தும் வேலைக்குத்தான் கேலிபரேஷன் என்று பெயர்.

முதலில் உள்ளூர்க் கடை. கேமரா இல்லாத காருக்கு நான் இன்றும் அங்கேதான் போவேன். விலை குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல. பழைய கண்ணாடியை அறுத்தெடுக்கும்போது கத்தி பட்டு, கண்ணாடி பொருந்தும் இரும்புச் சட்டத்தின் பெயின்ட் கீறப்படுவது எங்கும் நடக்கக்கூடியது. வேறு ஊர்களில் அந்தக் கீறல் ஆண்டுக்கணக்கில் பேசாமல் கிடக்கலாம்; உப்புக் காற்று வீசும் மண்டபத்திலோ கீழக்கரையிலோ விரைவிலேயே துருவாகி, துரு ஒட்டுப்பசையைத் தூக்கி, மழைத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். நான் போன கடைக்காரர் சட்டம் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு கீறலிலும், துருவைத் தடுத்துப் பசை பிடிக்க உதவும் பிரைமர் தடவிக் காயவிட்ட பிறகே பசையை எடுப்பதாகச் சொன்னார். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் எங்கள் பகுதியில், இதற்கென்று குடிநீரைத் தனியாக எடுத்து வைத்திருந்த அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். எந்தக் கடைக்குப் போனாலும், பசை பாலியூரித்தேன் வகையா, அதன் காலாவதித் தேதி கடக்கவில்லையா என்பதைக் குழாயை வாங்கிப் பார்த்துவிடுங்கள். சிலிக்கோன் பசை இந்த வேலைக்கு ஆகாது.

அதே கடைக்காரர் எங்கள் காரில் கேமராவைப் பார்த்ததும், “கண்ணாடிய நான் மாட்டிருவேண்ணே, கேமராவுக்கு நீங்க மதுரைக்குத்தான் போகணும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லாரும் அப்படிச் சொல்வதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இன்னோரிடத்தில் உறுதியாகச் சொன்னார்கள், அது தவறு. கண்ணாடி மாறியதும் சில கார்கள் பிழைக்குறியைக் காட்டி அடாஸை நிறுத்திவிடும் என்றாலும், வேறு சில கார்கள் எந்தக் குறியும் காட்டாமல் தவறான கோணத்திலேயே தொடர்ந்து வேலை செய்யும். எக்ஸ்யுவி 700 போல முன்புற ரேடாரும் கேமராவும் சேர்ந்து இயங்கும் கார்களில் ரேடார் கண்ணாடியைச் சார்ந்து இருப்பதில்லை. ஹோண்டா சிட்டி, எலிவேட் போன்றவை முன்பக்கம் பார்ப்பதற்குக் கேமராவை மட்டுமே நம்பியிருப்பதால், அவற்றில் கண்ணாடி வேலை இன்னும் நுணுக்கமாக நடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மாட்டித் தரும் சேவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நகரத்து அடுக்குமாடியின் மூடிய பார்க்கிங்கில் அது வசதியாக இருக்கலாம். மணல் முற்றமும் ஓயாத கடல் காற்றும் உள்ள நம் வீடுகளில், ஈரமான பிரைமரில் மணல் துகள் படிவதை எவராலும் தடுக்க முடியாது. கேமராவுள்ள காருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மதுரை சர்வீஸ் சென்டரின் உண்மையான பலம் கேலிபரேஷனுக்கான இடமும் கருவியும்தான். காரை நிறுத்திவைத்துச் செய்யும் முறையில், சமதளமான தரையில் காரை நிறுத்தி, நிறுவனம் சொல்லும் தூரத்திலும் உயரத்திலும் குறிப்பலகையை வைத்து, ஸ்கேனர் மூலம் கேமராவுக்கு நேர்க்கோட்டைக் கற்பிக்கிறார்கள். வெளிச்சம் சீராக இருக்க வேண்டும். டயர் காற்றும் வீல் அலைன்மென்ட்டும் சரியாக இருக்க வேண்டும். சாலையோரத் தகரக் கொட்டகையில் இதைச் செய்ய முடியாது. ஓட்டிச் செய்யும் முறையில், ஸ்கேனரை இணைத்துக்கொண்டு, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் சீரான வேகத்தில் கேமரா தானே கற்றுக்கொள்ளும் வரை ஓட்ட வேண்டும். எந்த முறை என்பதை காரின் மாடல்தான் தீர்மானிக்கிறது. சிலவற்றுக்கு இரண்டும் தேவை. மதுரையிலிருந்து பரமக்குடி வரையிலான நான்கு வழிச் சாலை ஓட்டிப் பார்ப்பதற்கு ஏற்றது. மணல் ஏறிக் கோடுகள் மறையும் தனுஷ்கோடிச் சாலையை அதற்கு நினைத்தும் பார்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்தச் சாலையும் உதவாது என்பதால், அந்த மாதங்களில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நல்லது.

இந்த வழியிலும் குறைகள் உண்டு. இராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 115 கிலோமீட்டர். விரிசல் விட்ட கண்ணாடியுடன் அவ்வளவு தூரம் போக வேண்டும். கண்ணாடி கைவசம் இல்லை என்றால் இரண்டாவது முறையும் போக வேண்டும். புதிய பசை இறுகும் முன்பே ஊர் திரும்பும் ஆவலில் புறப்படுபவர்களும் இருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பதை, பயன்படுத்திய பசையின் குறிப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கண்ணாடியை உள்ளூரில் மாட்டிவிட்டு, கேலிபரேஷனை மட்டும் மதுரையில் செய்துகொள்ளும் நடுவழியும் உண்டு. கடைக்காரர் நம்பகமானவராக இருந்து, கண்ணாடியும் சரியானதாக இருந்தால் அதை நான் ஏற்பேன். ஆனால் கேலிபரேஷனைச் செய்து தருவோம் என்ற உறுதியை சர்வீஸ் சென்டரிடம் முன்கூட்டியே பெற வேண்டும், அதுவரை அடாஸை நிறுத்தி வைக்க வேண்டும். சரியான கண்ணாடி என்றால் கார் நிறுவனத்தின் முத்திரை உள்ளது மட்டுமே என்று பொருளல்ல. கார் நிறுவனங்களுக்குக் கண்ணாடி வழங்கும் அசாஹி இந்தியா போன்ற தயாரிப்பாளர்களே வெளிச்சந்தையிலும் விற்கிறார்கள். கேமரா பார்க்கும் பகுதியில் நெளிவு இருக்கக் கூடாது. பிடிப்பான் தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய கண்ணாடியின் பிடிப்பானைப் பெயர்த்து, புதியதில் கையால் ஒட்டித் தருவதாகச் சொன்னால், அங்கே காரைக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் தேவைப்படாமல் போயிருக்கலாம் என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய புள்ளி, ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலும் கேமராவின் எதிரிலும் இல்லை என்றால், பிசின் செலுத்தி அங்கேயே நிறுத்திவிடலாம். இதை உள்ளூரிலேயே செய்யலாம், கேலிபரேஷனும் வேண்டாம். கல் பட்ட அன்றே தூசியும் ஈரமும் புகாமல் அதன் மேல் ஒரு செல்லோடேப்பை ஒட்டி, காரை நிழலில் நிறுத்தியிருந்தால் எங்கள் கண்ணாடி பிழைத்திருக்கக்கூடும்.

காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்கப்படுவதில்லை. ஆனால் கட்டாயப் பிடித்தமாக 1,500 சிசி வரை 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் நாம் கொடுக்க வேண்டும், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காவிட்டால், கிளைம் போடாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போய்விடும். கேமரா இல்லாத காருக்கு இதனால் கிளைம் போடாமலிருப்பதே பல சமயம் லாபம். கேமராவுள்ள காருக்கு எங்கள் கணக்கு நேர்மாறாக வந்தது. கேலிபரேஷன் கட்டணம் எஸ்டிமேட்டில் தனி வரியாக இருக்கிறதா என்பதை காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்வையிடும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் எஸ்டிமேட்டில் அது முதலில் விடுபட்டிருந்தது. கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனர் தரும் கேலிபரேஷன் அறிக்கையை அச்செடுத்து வாங்கி, பாலிசியுடன் வைத்திருக்கிறோம்.