ஜார்ஜியா ஹோப் ஸ்காலர்ஷிப்பும் ஜிஏ ஃப்யூச்சர்ஸ் அக்கவுண்டும்: ஒரு அம்மாவோட ரிவ்யூ

அட்லாண்டா பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்களுக்காக இதை எழுதுறேன். எங்க பொண்ணு இந்த மே மாசம் ஹைஸ்கூல் முடிச்சா, ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு. ஆனா டென்த் முடியிற வரைக்கும் நாங்க கணக்கையே தப்பா பாத்துட்டு இருந்தோம், அதைத்தான் முக்கியமா சொல்லணும். ரேட்டிங் முதல்லயே சொல்லிடுறேன், ஸ்காலர்ஷிப்புக்கு 5-க்கு 4, ஜிஏ ஃப்யூச்சர்ஸ் (ஸ்காலர்ஷிப் விவரம் பாக்கிற ஸ்டேட் சைட்) அக்கவுண்டுக்கு 5-க்கு 5.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி. ஹோப்ங்கிறது ஜார்ஜியா ஸ்டேட் காலேஜ் படிப்புக்குக் குடுக்கிற ஸ்காலர்ஷிப், 1993-ல கவர்னர் ஜெல் மில்லர் கொண்டு வந்தது, பணம் முழுக்க ஜார்ஜியா லாட்டரியில இருந்து வருது, நடத்துறது ஜார்ஜியா ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் கமிஷன். லாட்டரி பணம் பத்தாம போய் 2011-ல ஹோப்பை குறைச்சாங்க, அப்போதான் மேல ஒரு படியா ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப்னு தனியா வந்துச்சு. ஹோப்புக்கு ஹைஸ்கூல் ஜிபிஏ (4-க்குப் போடுற மார்க் சராசரி) 3.0 வேணும், ஜெல் மில்லருக்கு 3.7-ம் அதோட காலேஜ் நுழைவு டெஸ்ட்டான எஸ்ஏடி இல்லன்னா ஏசிடி ஸ்கோரும் வேணும். 2023 ஃபால்ல இருந்து ஹோப்பே பப்ளிக் காலேஜ்ல ஸ்டாண்டர்ட் ட்யூஷனை (படிப்புக் கட்டணம்) முழுசா குடுக்குது, அப்புறம் எதுக்கு ஜெல்னு கேக்கலாம், காரணம் இருக்கு, கீழ சொல்றேன்.

எங்க கதைக்கு வரேன். பொண்ணு நைன்த் போகும்போதே ஒரு பிரைவேட் காலேஜ் கவுன்சலிங் ஆளுங்ககிட்ட சேந்தோம். பேர் வேண்டாம். நல்ல பணம் வாங்கினாங்க, ஒவ்வொரு மீட்டிங்லயும் ஸ்கூல் ரிப்போர்ட்ல இருக்கிற வெயிட்டட் ஜிபிஏவை (கஷ்டமான கோர்ஸுக்கு எக்ஸ்ட்ரா பாயிண்ட் சேத்தது) பாத்துட்டு "ஜெல் கன்ஃபர்ம் ஆன்ட்டி, அதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்"னு சொன்னாங்க. நாங்களும் நம்பிட்டோம். ஸ்கூல் ரிப்போர்ட்ல நாலுக்கு மேல ஜிபிஏ இருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

டென்த் முடிஞ்சு லீவுல ஒருநாள் பொண்ணு ஜிஏ ஃப்யூச்சர்ஸ் சைட்ல அவ அக்கவுண்டைத் திறந்து "அம்மா, இங்க வேற நம்பர் காட்டுது"ன்னா. 3.55. நான் முதல்ல சைட்தான் தப்புன்னு நினைச்சேன். அப்புறம் டிரான்ஸ்கிரிப்டை டைனிங் டேபிள்ல வெச்சு, பென்சிலும் பேப்பருமா உக்காந்து ஒவ்வொரு சப்ஜெக்டா எழுதிப் பாத்தோம். சைட் சரி, நாங்கதான் தப்பு.

ஹோப் ஜிபிஏ கணக்கு எப்படின்னா, ஸ்கூல் போடுற ஜிபிஏவை அவங்க எடுத்துக்கிறதே இல்ல. இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ், சோஷியல் ஸ்டடீஸ், ஃபாரின் லாங்குவேஜ், இந்த அஞ்சு கோர் சப்ஜெக்ட் மட்டும்தான் எடுப்பாங்க. ஆர்கெஸ்ட்ரா, ஆர்ட், பிஇ எதுவும் வராது. பொண்ணு ரெண்டு வருஷம் ஆர்கெஸ்ட்ரால 100 வாங்கினா, ஸ்கூல் ஜிபிஏவை அது நல்லா தூக்கி விட்டுச்சு, இங்க அதுக்கு மதிப்பே இல்ல. 90-ம் அதுக்கு மேலயும் இருந்தா 4, 80-ல இருந்து 89 வரைக்கும் 3, 70-ல இருந்து 79-க்கு 2. ஸ்கூல் ஆனர்ஸுக்கும் (சாதாரணத்தை விட கஷ்டமான கோர்ஸ்) ஏபிக்கும் (ஹைஸ்கூல்லயே காலேஜ் லெவல் கோர்ஸ்) எக்ஸ்ட்ரா சேத்ததை எல்லாம் கழிச்சுட்டு, ஏபி, அதே மாதிரி ஐபி, அப்புறம் டூயல் என்ரோல்மென்ட்ல (ஹைஸ்கூல் படிக்கும்போதே காலேஜ் கோர்ஸ் எடுக்கிறது) டிகிரி லெவல் கோர் கோர்ஸ், இதுக்கு மட்டும் அவங்களே அரை பாயிண்ட் சேப்பாங்க, அதுவும் 4-ஐத் தாண்டாது. அதாவது ஏபில பி, அதாவது 80-ல இருந்து 89, வாங்கினா 3.5. ஆனர்ஸ்ல பி வாங்கினா வெறும் 3 தான், எவ்ளோ கஷ்டமான ஆனர்ஸா இருந்தாலும் சரி.

எங்க டேபிள்ல எழுதின பேப்பரை அப்படியே தரேன், சுலபமா இருக்கட்டும்னு வருஷத்துக்கு ஒரு மார்க்கா போட்டிருக்கேன். நைன்த்: ஆனர்ஸ் இங்கிலீஷ் 88, அது 3. ஆனர்ஸ் ஜியாமெட்ரி 93, 4. ஆனர்ஸ் பயாலஜி 86, 3. ஏபி ஹியூமன் ஜியாக்ரஃபி 84, அதனால 3.5. ஸ்பானிஷ் ஒண்ணு 96, 4. மொத்தம் 17.5. டென்த்: இங்கிலீஷ் 91-க்கு 4, ஆல்ஜிப்ரா ரெண்டு 85-க்கு 3, ஆனர்ஸ் கெமிஸ்ட்ரி 89-க்கு 3, ஏபி வேர்ல்ட் ஹிஸ்டரி 90-க்கு 4, ஸ்பானிஷ் ரெண்டு 95-க்கு 4, மொத்தம் 18. ரெண்டும் சேந்து 35.5, பத்து கோர்ஸால வகுத்தா 3.55.

அந்த கெமிஸ்ட்ரி 89-ஐப் பாத்துட்டு அவ ரொம்ப நேரம் பேசவே இல்ல. ஒரே ஒரு மார்க், ஒரு லேப் ரிப்போர்ட் லேட்டா குடுத்ததுல போனது, அதுக்கு முழுசா ஒரு பாயிண்ட் போச்சு. ஒரு பக்கம் வேர்ல்ட் ஹிஸ்டரில சரியா 90 வாங்கினதுக்கு 4 கிடைச்சிருக்கு. 89-க்கும் 80-க்கும் ஒரே மதிப்பு, 90-க்கும் 99-க்கும் ஒரே மதிப்பு. இதுதான் நான் அந்த ஒரு ஸ்டாரைக் குறைச்சதுக்குக் காரணம், உழைச்சு படிக்கிற பசங்களுக்கு இது நியாயமில்லன்னுதான் எனக்குப் படுது. ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஸ்பானிஷ்ல 96-ஐ 98 ஆக்க உக்காந்த நேரத்தை கெமிஸ்ட்ரில போட்டிருப்பா.

அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர் மீதி ரெண்டு வருஷத்துக்குக் கணக்கு போட்டாரு. இன்னும் பத்து கோர் கோர்ஸ், மொத்தம் இருபது, 3.7 வேணும்னா 74 பாயிண்ட் வேணும், கையில 35.5 இருக்கு, அப்போ மீதி பத்துல 38.5 எடுக்கணும். ஏபில மூணு பி வரைக்கும் தாங்கும், இல்லன்னா ஏபி இல்லாத கோர்ஸ்ல ஒரு பியும் ஏபில ஒரு பியும், அதுக்கு மேல இடமில்ல. இந்த ஒரு கணக்குதான் அவளுக்கு நிம்மதி குடுத்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அதுவரைக்கும் எல்லாத்துலயும் நூறு வாங்கணும்னு ஒரு பயம், அதுக்கப்புறம் எங்க எவ்ளோ இடம் இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. அந்த கவுன்சலிங் ஆளுங்ககிட்ட போய்க் கேட்டா "ஓ, நாங்க யூனிவர்சிட்டி அட்மிஷன் ஜிபிஏவைத்தான் பாப்போம்"னாங்க. அதோட நிறுத்திட்டோம்.

கோர்ஸ் செலக்ஷன்ல இன்னொரு விஷயம் ரிகர். வெறும் ஜிபிஏ இருந்தா பத்தாது, கஷ்டமான கோர்ஸ்னு அவங்க லிஸ்ட்ல போட்டிருக்கிறதுல குறைஞ்சது நாலு கிரெடிட் பாஸ் பண்ணியிருக்கணும். 2015 பேட்ச்சுக்கு ரெண்டுன்னு ஆரம்பிச்சு அடுத்த வருஷம் மூணாக்கி 2017-ல இருந்து நாலு ஆக்கிட்டாங்க. ஆல்ஜிப்ரா ரெண்டும் அதுக்கு மேல உள்ள மேத்ஸும், கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் மாதிரி அட்வான்ஸ்ட் சயின்ஸ், ஃபாரின் லாங்குவேஜ் ரெண்டாவது லெவல்ல இருந்து, அப்புறம் கோர் சப்ஜெக்ட்ல ஏபி, ஐபி, டூயல் என்ரோல்மென்ட். நம்ம பசங்க சாதாரணமா எடுக்கிற கோர்ஸ்லயே இது வந்துடும், எங்க பொண்ணுக்கு டென்த்லயே அஞ்சு ஆயிடுச்சு. ஆனா தெரிஞ்ச ஒரு ஃபேமிலில பையன் ஜிபிஏ நல்லா இருக்கணும்னு வேணும்னே ஈஸி கோர்ஸா எடுத்து லெவன்த் முடியிறப்போ ரிகர் ஒண்ணுதான் இருந்துச்சு, கடைசி வருஷம் மூணையும் ஒரேடியா எடுக்க வேண்டியதாப் போச்சு, பாவம். எந்த கோர்ஸ் ரிகர்ல வரும்னு ஜிஏ ஃப்யூச்சர்ஸ்ல லிஸ்ட்டே இருக்கு, பிப்ரவரி மார்ச்ல கோர்ஸ் ஃபார்ம் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அதைத் திறந்து வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. தமிழ்ப் பள்ளில படிச்சு கிரெடிட் வாங்கலாம்னு நினைக்கிறவங்க அது டிரான்ஸ்கிரிப்ட்ல எப்படி ஏறும்னு ஸ்கூல்ல முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.

ஃபெயில் ஆயிட்டு திரும்ப எடுத்தா பழசு போயிடும்னு சிலர் நினைக்கிறாங்க. போகாது. எடுத்த கோர் கோர்ஸ் எல்லாமே கணக்குல இருக்கும்.

எஸ்ஏடி விஷயத்துலயும் நாங்க ஒரு தடவை இடிபட்டோம். ஜெல்லுக்கு 1200 வேணும், ஆனா ஒரே சிட்டிங்ல. பொண்ணு முதல் தடவை ரீடிங் 560 மேத்ஸ் 610, மொத்தம் 1170. ரெண்டாவது தடவை ரீடிங் 600 மேத்ஸ் 590, மொத்தம் 1190. ரெண்டுலயும் பெஸ்ட்டை சேத்தா 1210 வருது, நிறைய காலேஜ் அட்மிஷனுக்கு அப்படி சேத்துப் பாப்பாங்க, நாங்களும் முடிஞ்சுதுன்னு சந்தோஷமா பீட்சா எல்லாம் ஆர்டர் பண்ணிட்டோம், அப்புறம்தான் இங்க அப்படி சேக்க மாட்டாங்கன்னு படிச்சோம். மூணாவது தடவை 1260 எடுத்தா. ஸ்கோர் ஹைஸ்கூல் கிராஜுவேஷன் தேதிக்குள்ள எழுதின டெஸ்ட்டா இருக்கணும், அதனால சீனியர் இயர் வரைக்கும் தள்ளாதீங்க. ஸ்கூல்ல வாலிடிக்டோரியனோ (முதல் ரேங்க்) சல்யூடடோரியனோ (ரெண்டாவது ரேங்க்) ஆனா இந்த டெஸ்ட் ஸ்கோர் வேண்டாம், ஆனா அதை நம்பி யாரும் பிளான் பண்ண முடியாது.

ஜெல் எதுக்குன்னு மேல சொன்னேன் இல்ல. ஹோப் தொகை ஸ்டேட் பட்ஜெட்டைப் பொறுத்தது, இப்போ முழு ட்யூஷன், 2011-ல குறைச்ச மாதிரி குறைக்கவும் முடியும். ஜெல் பப்ளிக் காலேஜ்ல முழு ஸ்டாண்டர்ட் ட்யூஷன். இன்னொண்ணு, காலேஜ் போனப்புறம் 30, 60, 90 கிரெடிட் அவர்ல எல்லாம் ஜிபிஏவைப் பாப்பாங்க, ஜெல்லை வெச்சுக்க 3.3, ஹோப்புக்கு 3.0. ஜெல்ல இருந்து வழுக்கினா கீழ ஹோப் தாங்கிப் பிடிக்கும், ஹோப்ல இருந்து வழுக்கினா கையை விட்டுத்தான் கட்டணும். ஜார்ஜியா டெக் மாதிரி இடத்துல முதல் வருஷமே கால்குலஸும் ஃபிசிக்ஸும் எப்படி அடிக்கும்னு சீனியர் பசங்களைக் கேட்டாத் தெரியும், அதனால அந்த மெத்தை பெருசு. ட்யூஷன் வருஷம் 10,000 டாலர் பக்கம் வருது யூஜிஏலயும் (யூனிவர்சிட்டி ஆஃப் ஜார்ஜியா) டெக்லயும். ஹாஸ்டல், சாப்பாடு, புக்ஸ், மத்த ஃபீஸ் இதுல வராது, அதுக்குத் தனியா எடுத்து வைக்கணும்.

இப்போ மனசைக் கஷ்டப்படுத்துற விஷயம். இது சிட்டிசனுக்கும் கிரீன் கார்டு மாதிரி தகுதி இருக்கிறவங்களுக்கும்தான். எச்-4ல (எச்-1பி வேலை விசால வந்தவங்களோட குடும்பத்துக்கான விசா) இருக்கிற பசங்களுக்குக் கிடையாது. எங்க பக்கத்து வீட்டுப் பையன் மூணு வயசுல இங்க வந்தவன், கிண்டர்கார்ட்டன்ல இருந்து இதே ஸ்கூல்தான், எங்க பொண்ணை விட நல்லாப் படிப்பான், அவங்க அப்பாவுக்கு கிரீன் கார்டு வரிசை இன்னும் நகரல. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போனவங்க. அவ அக்கவுண்ட்ல எலிஜிபிள்னு வந்த அன்னிக்கு அந்த வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இதே நிலைமைல இருக்கிறவங்க லெவன்த் வரைக்கும் காத்திருக்காம இப்பவே வேற ஸ்காலர்ஷிப், பிரைவேட் காலேஜ் உதவின்னு தேட ஆரம்பிங்க.

ஜிஏ ஃப்யூச்சர்ஸ் பத்தி ஒரு குறையும் சொல்ல எனக்கு இல்ல. காசு இல்ல, ஸ்டூடன்ட் பேர்ல அக்கவுண்ட் போடணும், ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பினதும் ஹோப் ஜிபிஏ தெரியும், ரிகர் எத்தனை ஆச்சுன்னும் பாக்கலாம். கிராஜுவேட் ஆனப்புறம் ஃபைனல் கணக்கு போடுற வரைக்கும் அது முடிவான நம்பர் இல்லங்கிறதை ஞாபகம் வெச்சுக்குங்க. ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ண ஃபேஃப்சா (ஃபெடரல் உதவிக்கான ஃபார்ம்) போடலாம், இல்லன்னா ஜிஏ ஃப்யூச்சர்ஸ்லயே இருக்கிற ஜிஎஸ்எஃப்ஆப்ங்கிற ஸ்டேட் அப்ளிகேஷன் போடலாம், ரெண்டுல ஒண்ணு கட்டாயம் போடணும், தானா வராது.

பொண்ணு கடைசியில 3.725-ல முடிச்சா. லெவன்த்ல ஏபி ஃபிசிக்ஸ் 86, ட்வெல்த்ல ஏபி லிட்ரேச்சர் 88, ரெண்டும் 3.5, மீதி எட்டும் 4. லிட்ரேச்சர் மார்க் வந்த அன்னிக்கு அவளே பேப்பரை எடுத்து கூட்டிப் பாத்துட்டு "இன்னும் ஒரு பி மிச்சம் இருக்கு அம்மா"ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டா.

பையன் ஆகஸ்ட்ல நைன்த் போறான். அவன் அக்கவுண்டை போன வாரமே போட்டாச்சு, அக்காதான் உக்காந்து போட்டுக் குடுத்தா. அவளோட அந்த பென்சில் பேப்பர் இப்போ அவன் டேபிள் மேல ஒட்டி இருக்கு, கெமிஸ்ட்ரி 89-ஐச் சுத்தி வட்டம் போட்டது அப்படியே இருக்கு.