குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுப் படகு

யாழ்ப்பாணத்தில் இரண்டே நாள். நயினாதீவா, நெடுந்தீவா என்று அம்மாவும் நானும் முதல்நாள் இரவு வரை பேசிக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் குறிகட்டுவான் துறையில்தான் படகு. நயினாதீவு பக்கத்திலேயே இருக்கிறது, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு மதியமே திரும்பிவிடலாம். நெடுந்தீவுக்குப் படகில் மட்டும் ஒரு மணி நேரம், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். சரி, நெடுந்தீவே என்று ஏறினோம்.

படகின் உள்ளே புழுக்கம், டீசல் வாடை. அம்மாவுக்குத் தலைசுற்றியது; காற்று வரும் பக்கமாக இடம் பிடியுங்கள். ஆனால் இறங்கியதும் பவளக்கற்களை அடுக்கிய வேலிகள், வெட்டவெளியில் மேயும் குதிரைகள், ஆள் உள்ளே நுழையக்கூடிய பெருக்குமரம் (பாவோபாப்)! அம்மா அதற்குள் நின்று சிரித்தார். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.