கண்ணாடியைக் கழற்ற 380,000 ரூபா கட்டினேன், கண்ணாடிதான் கிடைத்தது

நேற்றுப் பின்னேரம் கடைசியாகப் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தேன். கோபம் ஆறமுதல் எழுதுகிறேன். கொழும்பில் ஒரு தனியார் கண் சிகிச்சை நிலையம். பெயர் போடவில்லை, அவர்களிடம் லோயர் இருக்கிறார், என்னிடம் இல்லை.

எனக்கு 47 வயது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தூரம் தெரியாது, இப்போது வெள்ளெழுத்தும் சேர்ந்து இரண்டு கண்ணாடி. "மொனோவிஷன் லேசர் செய்தா ரெண்டையும் வீசலாம் மிஸ்" என்றார்கள். கைகளால் ஓட்டை பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி, வலதுதான் தலைமைக் கண் என்றார்கள். அது தூரத்துக்கு. இடதில் கொஞ்சம் கிட்டப்பார்வையை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள், வாசிக்க.

"முதல்ல கொண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பழகிப் பார்க்கலாமா டொக்டர்?" நானேதான் கேட்டேன். அவ்வளவு விவரம் தெரிந்தும் ஏமாந்தேன் பாருங்கள். அவர் பைலை மூடிவிட்டு, "உங்களுக்குத் தேவையில்லை, வீண் காசு" என்றார். என் காசுக்காகக் கவலைப்படுகிறாரே என்று உருகிப்போனேன். பிறகு கண்மணி விரிய மருந்து விட்டார்கள். எழுத்தெல்லாம் கரைந்து, வெளிச்சம் கூசுகிற அந்த நேரத்தில்தான் ஆங்கிலப் படிவம் வந்தது. "இதில, இதில" என்று ஒரு பிள்ளை விரல் வைத்துக் காட்டினாள். வைத்தேன் கையெழுத்து. கட்டினேன் 380,000 ரூபா.

ஐந்து மாதமாகிறது. தேத்தண்ணி ஊற்றினால் கோப்பைக்கு வெளியே. 101 பஸ்ஸில் இறங்கும்போது கடைசிப் படியைக் காலால் தடவுகிறேன். இரவில் காலி வீதியில் எதிரே வரும் லைட் ஒவ்வொன்றும் தும்பு தும்பாய் விரிகிறது. ஸ்கூட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

முதல் மாதம், "மூளை பழகிடும்". அடுத்த மாதம், "இன்னும் ஆறு கிழமை பொறுங்கோ". பிறகு டொக்டர் வெளிநாடு. பிறகு, "மிஸ், நீங்க ஓவரா யோசிக்கிறீங்க". நேற்று என்ன தெரியுமா? "இரவுக்கு ஒரு கண்ணாடி எழுதித் தாறம்." கண்ணாடி! அது வேண்டாமென்றுதானே 380,000 ரூபா! இடதையும் தூரத்துக்கு மாற்றலாமாம், அதற்கு வேறாக 140,000.

வேறொரு டொக்டரிடம் காட்டினேன். பலருக்கு இது ஒத்துவரும்தான், ஆனால் இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் கூடக்கூட ஆழம் மட்டுப்பிடிப்பது குறையும், அதனால்தான் முதலில் லென்ஸ் போட்டுப் பார்ப்பது என்றார்.

செய்யப்போகிறவர்களுக்கு விளக்கமாக எழுத நினைத்தேன், கண் எரிகிறது. லென்ஸ் போட்டு ஒரு கிழமையாவது படி இறங்கிப் பாருங்கள், இரவில் வாகனம் ஓடிப் பாருங்கள். மருந்து விட்ட கண்ணோடு எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். பிறகு திருத்த வேண்டிவந்தால் யார் காசு என்று எழுத்தில் வாங்குங்கள். நாளைக்கு ரசீதோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகிறேன்.